கருவாட்டுக் கடைக்கு ஒரு தட்டையான மீன் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. காசிமேட்டில் மூன்று தலைமுறையாக நடக்கும் கருவாட்டு வியாபாரத்தை இனிப் பொட்டலமாக்கி வெளியூருக்கும் அனுப்பப் போகிறீர்கள். அதற்காக ஒருவரிடம் லோகோ வரையச் சொன்னீர்கள். அவர் ஒரே நீல நிறத்தில், நிழல் இல்லாமல், செதில் இல்லாமல், இரண்டே வளைகோடுகளில் ஒரு மீனைக் கொடுத்திருக்கிறார். அடியில் மெல்லிய ஆங்கில எழுத்தில் கடையின் பெயர், அதற்கும் கீழே பொடியாகத் தமிழ். உங்கள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "1974இல் எழுதிய நம் போர்டில் வஞ்சிரம் துள்ளுகிறது. இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். இதற்கா இவ்வளவு பணம்?" என்று கேட்டிருக்கிறார். இப்படித் தட்டையாக வரைவது வந்து போகும் நாகரிகமா, உண்மையிலேயே பயன் உள்ளதா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் நீங்கள் வெளியே சொல்லாத இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் அவர் காட்டும் காரணம் ஒன்று, உண்மையான காரணம் வேறு.

என் அப்பா ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கடைப் போர்டு எழுதியவர். நூலில் சுண்ணாம்பு தடவிக் கோடு அடித்து, எனாமல் பெயிண்டில் எழுத்துக்கு நிழல் போடுவதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தேன். பிறகு கவின் கலைக் கல்லூரியில் படித்தேன். 24 ஆண்டுகளாகப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், லோகோவும் வரைகிறேன். ஆகவே கணினித் திரையில் லோகோ எப்படித் தெரியும் என்பதைவிட, துணியிலும் தகரத்திலும் பில் காகிதத்திலும் அது என்ன பாடு படும் என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. உங்களுக்கு வந்த படத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன வர்ணனையை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைப்போம். தட்டையாக இருப்பது வேறு, எளிமையாக இருப்பது வேறு. நிழல், பளபளப்பு, ஒரு நிறம் இன்னொன்றில் கரைவது, எழுத்து புடைத்து நிற்பது, இவை எதுவும் இல்லாவிட்டால் அது தட்டை. பார்ப்பவர் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளும்படி ஒரே ஒரு கருத்து மட்டும் இருந்தால் அது எளிமை. ஒன்று இருந்தால் மற்றது இருந்தாக வேண்டும் என்பதில்லை. தட்டையாக வரைந்தே பத்துப் பொருள்களை அடைத்த லோகோக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்: தேங்காய், மாவிலை, கும்பம், விளக்கு, நடுவில் பெயர். ஒரே ஒரு தாமரைக்கு நிழல் போட்டு வரைந்தால் அது தட்டை இல்லை, ஆனால் எளிமை. உங்களுக்கு வந்திருக்கும் மீன் இரண்டும்தான் என்று தெரிகிறது. அதில் இல்லாமல் போனது மூன்றாவது ஒன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

தட்டையான, ஒற்றை நிற லோகோ எல்லா இடத்திலும் அச்சாகும். இதில் எனக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை. 2006இல் தண்டையார்பேட்டையில் இருந்த ஒரு கடல் உணவகத்துக்காக ஓர் இறாலை வரைந்தேன். வாலில் இளமஞ்சளாகத் தொடங்கி, நடுவில் காவியாகி, தலையில் சிவப்பாகக் கரையும் இறால். முதுகில் வெள்ளைப் பளபளப்பு, மேலே மூன்று நீர்த்துளிகள். கணினியில் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு அதை 2,000 துணிப் பைகளில் அச்சிட வேண்டி வந்தது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு பிரேம். பிரேமில் இழுத்துக் கட்டிய வலையில் மருந்து பூசி, படத்தின் பிலிமை வைத்து ஒளி காட்டுவோம். ஒளி படாத இடம் கழுவும்போது கரைந்து திறந்துகொள்ளும். அந்தத் திறப்பு வழியாகத்தான் மை இறங்கும். மை இறங்கும், அல்லது இறங்காது. பாதி மை என்று ஒன்று கிடையாது. நிறம் கரைவதுபோல் காட்ட வேண்டுமானால் படத்தைப் பொடிப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். வழவழப்பான காகிதத்தில் அந்தப் புள்ளிகள் நிற்கும். முரட்டுத் துணியின் இழைகளுக்கிடையே அவை மூழ்கிப்போகும். என் இறாலும் மூழ்கியது. முதலாளி ஒரு பையைத் தூக்கிப் பிடித்து, "இது மிளகாயா?" என்று கேட்டார். உண்மையாகவே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பைகளின் விலையை நான் ஏற்றுக்கொண்டேன். அந்த வாரமே ஐந்து வளைந்த பட்டைகளும் இரண்டு நீண்ட மீசைகளும் மட்டும் வைத்து, ஒரே சிவப்பில் மறுபடி வரைந்தேன். அது பையிலும் அச்சானது, ரப்பர் ஸ்டாம்பிலும் வந்தது, பரிமாறுபவர்களின் சட்டையில் தையலிலும் வந்தது.

உங்கள் வியாபாரத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கடையில் பில் போடும் சிறிய தெர்மல் இயந்திரம் 58 மில்லிமீட்டர் காகிதத்தில் ஓடுகிறது. அது அச்சிடும் அகலம் பொதுவாக 48 மில்லிமீட்டர், மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள், மொத்தம் 384 புள்ளிகள். கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, இடையில் எதுவும் இல்லை. மீன்பாடி வண்டியின் பக்கத்தில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டப் போகிறீர்கள் என்றால், அதை வெட்டுவது கத்தி. கத்திக்கு ஓரம் மட்டுமே தெரியும், நிறம் கரைவது தெரியாது. சட்டையில் தைக்கும் இயந்திரத்துக்கு ஊசியும் நூலும்தான் உண்டு. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடும் பொடி எழுத்தும் அதில் தேறாது. வாட்ஸ்அப்பில் உங்கள் கடையின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் வட்டம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். பொட்டலம் பெரிய எண்ணிக்கைக்குப் போய், பிளாஸ்டிக் உறையில் சிலிண்டர் வைத்து அச்சிடும் கட்டம் வந்தால், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். பழைய போர்டின் வஞ்சிரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வாசல்கள் எதற்குள்ளும் நுழைய முடியாது. வடிவமைப்பாளர் வாங்கிய பணத்தில் ஒரு பகுதி, இந்த வாசல்கள் எல்லாவற்றையும் முன்கூட்டி யோசித்ததற்கான கூலி. அவர் யோசித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். யோசித்தவர் என்றால் உடனே பதில் வரும்.

அடுத்தது நாகரிகம் பற்றி. தட்டையாக வரைவது நேற்று வந்தது இல்லை. அச்சுத் தொழில் மையையும் அச்சுக்கட்டையையும் நம்பி இருந்த காலத்திலேயே பல சின்னங்கள் தட்டையாக இருந்தன. பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவான வணிகச் சின்னம், 1876 ஜனவரி 1 அன்று பதிவான பாஸ் என்ற மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். வெறும் முக்கோணம். அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1972இல் கிடைக்கோடுகளால் அமைத்த, ஐ.பி.எம். கணினி நிறுவனத்தின் எழுத்துச் சின்னம் இன்றும் அப்படியே ஓடுகிறது. நம் நாட்டில் ஸ்டேட் வங்கியின் நீல வட்டமும் அதன் நடுவே சாவித்துளையும் 1971இல் வந்தவை. வரைந்தவர் சேகர் காமத். எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய பாடம் தேர்தல் சின்னங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாக்குச்சீட்டில் கறுப்பு வெள்ளையில் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஒரே தேவைக்காகப் பிறந்தவை அவை. அவற்றில் பலவற்றைத் தேர்தல் ஆணையத்தின் வரைவாளராக இருந்த எம்.எஸ். சேத்தி பென்சிலால் வரைந்தார். உதயசூரியனையும் இரட்டை இலையையும் வியாசர்பாடிச் சுவரில் எந்தக் கை வரைந்தாலும், மலை கொஞ்சம் சாய்ந்தாலும், காம்பு கொஞ்சம் நீண்டாலும், அது எது என்று தெரிந்துவிடும். கை மாறினாலும் சாகாத வடிவம் என்று இதைத்தான் சொல்வேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் என்று அப்பா குறையாகச் சொன்னதைத் தேர்தல் ஆணையம் தகுதியாகக் கேட்டது. 2010இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியையும் பாருங்கள். காய்கறிக் கடைப் பலகையில் சாக்கட்டியால் எழுதினாலும் அது ரூபாய்தான்.

அப்படியானால் நாகரிகம் என்று ஏன் தோன்றுகிறது? கணினி வந்து, நிழலும் பளபளப்பும் ஒரு பொத்தானில் கிடைத்தபோது எல்லோரும் அவற்றை அள்ளிப் பூசினார்கள். யு.பி.எஸ். என்ற அமெரிக்கக் கூரியர் நிறுவனத்துக்கு 1961இல் பால் ராண்ட் தட்டையாக வரைந்த கேடயச் சின்னத்தை 2003இல் பளபளக்க வைத்தார்கள். என் இறாலும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். பிறகு கைப்பேசி வந்தது. ஒரே சின்னம் கடிகாரத் திரையிலும் தெருமுனைப் பலகையிலும் தெரிய வேண்டியிருந்தது. 2012இல் மைக்ரோசாப்ட் நான்கு வெறும் சதுரங்களுக்கு மாறியது. 2013இல் ஆப்பிள் கைப்பேசியின் குறிகளிலிருந்து பளபளப்பை எடுத்தது. 2015இல் கூகுள் எழுத்தை மாற்றியது. 2019இல் வோக்ஸ்வாகனும் 2020இல் பி.எம்.டபிள்யூ.வும் தட்டையாயின. இப்போது காற்று திரும்பத் தொடங்கியிருக்கிறது. 2025இல் கூகுளின் 'ஜி' எழுத்தில் நிறங்கள் மறுபடி ஒன்றில் ஒன்று கரைகின்றன. அதே ஆண்டு ஆப்பிள் கண்ணாடி போன்ற தோற்றத்தைக் கொண்டுவந்தது. ஆக, மேல்பூச்சு மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த 'ஜி'யின் வடிவம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். எலும்பு உறுதியாக இருந்தால், நாளைக்கு வேண்டுமென்றால் பூச்சு ஏற்றிக்கொள்ளலாம். பிறகு இறக்கியும் விடலாம். பூச்சையே நம்பிய உருவத்திலிருந்து பூச்சை எடுத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: 'தட்டை' என்ற தோற்றம் போய் வரும், ஒற்றை நிறத்தில் நிற்கும் வடிவம் தேவைப்படுவது போகாது.

இதுவரை எழுதியது எனக்கு உறுதியானது. "எளிமையான லோகோ மனத்தில் பதியும், அதனால் விற்பனை கூடும்" என்று வடிவமைப்பாளர்கள் சொல்வதை நான் அந்த உறுதியோடு சொல்ல மாட்டேன். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 85 மாணவர்களிடம் ஆப்பிள் நிறுவனத்தின் சின்னத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். நாள் முழுவதும் அவர்கள் பார்க்கும் சின்னம், அதைவிட எளிமையாக வரைய முடியாத சின்னம். பிழையில்லாமல் வரைந்தவர் ஒரே ஒருவர். பல மாதிரிகளைக் காட்டிச் சரியானதைச் சுட்டச் சொன்னபோதும் பாதிப் பேருக்கு மேல் தவறினார்கள். கோடுகள் குறைவாக இருப்பதாலேயே ஒரு சின்னம் மனத்தில் ஏறிவிடாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரிவது வேறு. முதலாவது போதும். அது பழக்கத்தாலும் பண்டத்தின் தரத்தாலும் வருவது. மாஸ்டர்கார்டு நிறுவனம் 2019இல் தன் பெயரையே எடுத்துவிட்டு இரண்டு வட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டது என்பார்கள். அந்த வட்டங்கள் 1960களிலிருந்து மக்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பவை. புதிதாகப் பொட்டலம் போடும் கடை அதைப் பார்த்துப் பெயரைச் சிறிதாக்கிக்கொள்ளக் கூடாது.

இன்னோர் ஆய்வு உங்களுக்கு நேரடியாகவே உதவும். 597 லோகோக்களை ஆராய்ந்தவர்கள் 2019இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் எழுதியது: என்ன பொருள் விற்கிறது என்று காட்டும் லோகோவைப் புதியவர்கள் கூடுதலாக நம்புகிறார்கள், ஏற்கெனவே புகழ்பெற்ற நிறுவனங்களுக்கு அந்தப் பலன் குறைவு. இது அமெரிக்கச் சந்தையை மனத்தில் வைத்த வேலை. அதன் அளவை அப்படியே காசிமேட்டுக்கு மாற்ற முடியாது. ஆனால் அது போகும் திசை என் பட்டறை அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. உங்கள் லோகோ மீனைக் காட்டுகிறது. நீங்கள் விற்பது கருவாடு.

மூன்றாவது ஒன்று இல்லை என்று சொன்னேனே, அது தனித்துவம். அது இங்கேதான் வருகிறது. 2016இல் தண்ணீர் கேன் போடும் ஒருவருக்கு ஒரு லோகோ செய்தேன். ஒரே நீலத்தில், மிகச் சுத்தமான ஒரு துளி. பையிலும் பில்லிலும் வண்டியிலும் குறையில்லாமல் அச்சானது. ஓர் ஆண்டுக்குள் அதே வட்டாரத்தில் மூன்று நிறுவனங்களின் கேன்களில் கிட்டத்தட்ட அதே துளி இருந்தது. யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. துளியை அவ்வளவு தூரம் குறைத்தால் எல்லோரும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். வேறொருவர் கேனில் பாசி இருந்ததென்று என் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் வந்து சண்டை போட்டார்கள். அந்தத் துளியை வரைந்தவன் என்ற முறையில் அது என் தவறு. உருவத்தைக் குறைத்துக்கொண்டே போகும்போது எதை விடக் கூடாது என்று நான் யோசிக்கவில்லை. உடை விற்கும் பர்பெரி நிறுவனம் 2018இல் தன் குதிரை வீரனைத் தள்ளிவைத்து, வெறும் தடித்த எழுத்துக்குப் போனது. 2023இல் வீரனைத் திரும்பக் கூட்டி வந்தது. கேப் என்ற துணிக்கடை நிறுவனம் 2010இல் இப்படியே பொதுவான எழுத்துக்கு மாறி, வாடிக்கையாளர் எதிர்ப்பில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழையதற்குத் திரும்பியது. இரண்டு வளைகோட்டு மீன் உலகத்தில் எத்தனை ஆயிரம் இருக்கிறதோ. காசிமேட்டிலேயே எத்தனை! உங்கள் அப்பாவின் மனக்குறை இதுதான் என்று நினைக்கிறேன். அந்த மீன் யாருடையதாகவும் இருக்கலாம். பழைய வஞ்சிரம் அவருடையது.

இதில் சட்டப் பக்கமும் உண்டு. நான் வழக்கறிஞன் இல்லை. விண்ணப்பிக்கும் முன் வணிகச் சின்ன முகவர் ஒருவரைப் பாருங்கள். கிண்டியில் பதிவகம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தில் இரண்டு விதிகளைக் கவனிக்க வேண்டும். நிறத்தைக் குறிப்பிட்டுக் கட்டுப்படுத்தாமல் பதிவு செய்தால், எல்லா நிறங்களுக்கும் சேர்த்துப் பதிவானதாகக் கருதப்படும் என்கிறது பிரிவு 10. கறுப்பு வெள்ளையிலேயே நிற்கும் லோகோவுக்கு இது நல்ல பலம். பிரிவு 9, பிறருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் தன்மை இல்லாத சின்னத்தை மறுக்கலாம் என்கிறது. மீன் வியாபாரிக்கு வெறும் மீன் என்றால் அந்தக் கேள்வி எழக்கூடும். ஒன்று தட்டையாக்கச் சொல்கிறது, மற்றது தனித்து நிற்கச் சொல்கிறது. நல்ல லோகோ இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடைக்கும்.

நீங்கள் கேள்வியின் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பாட்டி காலத்தில் வாசலில் கயிறு கட்டி வாளை மீனைத் துணிபோல மடித்துக் காயப்போடுவார்கள் என்று. அதைப் படித்ததும் நிறுத்திவிட்டு ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்தேன். ஒரு கிடைக்கோடு. அதன்மேல் மடிந்து தொங்கும் மூன்று நீண்ட பட்டைகள். ஒவ்வொன்றின் ஒரு முனையில் கூரான தலை, மறுமுனை வால் என்று மெலிந்து முடிகிறது. வாளைக்கு வால் துடுப்பு விரிவதில்லை, சாட்டைபோல் ஒடுங்கிவிடும். வரைபவருக்கு அது பெரிய வரம். இதுவும் தட்டைதான், எளிமைதான், ஒற்றை நிறம்தான். ஆனால் இது மீன் கடை இல்லை, கருவாட்டுக் கடை என்று சொல்கிறது. பாட்டியின் கயிறும் அதில் இருக்கிறது. இந்த வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. வடிவமைப்பாளரிடம் இந்த வரியை நீங்கள் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. நீலத்தையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உங்கள் வாடிக்கையாளர் தேடுவது வெயிலில் காய்ந்ததின் நிறத்தை. காவியோ செம்மண் நிறமோ பொட்டலத்தில் நன்றாக நிற்கும். ஆனால் நிறம் ரசனை. இதில் யாரும் அடித்துப் பேச முடியாது.

எழுத்தைப் பற்றி அடித்தே பேசுவேன். தமிழைப் பொடியாகக் கீழே தள்ளியது தவறு. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருக்க வேண்டும், பிற மொழி அதன் கீழே வர வேண்டும் என்பது விதி. விதியை விடுங்கள், உங்களிடம் மொத்தமாக எடுக்க வரும் பெண்கள் படிப்பது தமிழ். மெல்லிய கோட்டு எழுத்து ஆங்கிலத்துக்கு ஒருவேளை பொருந்தும். தமிழில் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழி சிறிய அளவில் மை ஏறி அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், அல்லது எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். புள்ளி போனால் சொல்லே போயிற்று. கனமான, சுழிகள் திறந்த, புள்ளி தெளிவாக விலகி நிற்கும் எழுத்துரு தேவை. முக்த மலர், பலூ தம்பி, கேட்டமரான் ஆகியவை வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமம் உள்ளவை, தொடங்க நல்லவை. ஆனால் உங்களிடம் அதைவிட உயர்ந்தது இருக்கிறது. 1974இல் ஒரு கை எழுதிய போர்டு. அதில் 'மொத்த விற்பனை' என்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்பதால் அந்த 'னை' துதிக்கை தூக்கிய பழைய வடிவத்தில் இருக்க வேண்டும். பெயரின் எழுத்துகளை அந்தப் போர்டிலிருந்தே பிரதி எடுத்து, நிழலை மட்டும் நீக்கி, ஓரங்களைத் திருத்தச் சொல்லுங்கள். உலகத்தில் வேறு எந்தக் கடைக்கும் அந்த எழுத்து கிடைக்காது.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு உங்கள் பொட்டலத்திலேயே ஒரு சாட்சி இருக்கப் போகிறது. அசைவ உணவுக்கு முன்பு சதுரத்துக்குள் பழுப்பு வட்டம்; சைவத்துக்குப் பச்சை வட்டம். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. 2020இன் உணவுப் பொட்டல விதிகளில் அசைவக் குறி முக்கோணமாக மாறியது. பழைய வட்டத்தை எங்கிருந்தாவது நகலெடுத்துப் போட்டுவிடாதீர்கள். அச்சகங்களில் இன்னும் பழைய கோப்புகள் சுற்றுகின்றன.

வடிவமைப்பாளரிடமிருந்து வாங்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கோரல் டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ திறக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத வெக்டார் கோப்பு கட்டாயம்; வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படத்தைப் பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டுபோல உடையும். முழுக் கறுப்பில் ஒன்று, கறுப்புப் பின்னணியில் வெள்ளையில் ஒன்று, நிறத்தில் ஒன்று, வட்டத்துக்குள் அடங்குவது ஒன்று. பணம் முழுவதையும் கொடுக்கும் முன் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டு, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். அப்போதும் என்னவென்று தெரிந்தால் தேறியது. பிறகு பெரிதாக ஒன்றை எடுத்துச் சாலையின் எதிர்ப்பக்கம் ஒட்டி, கடைக்கு வருகிறவர்களிடம் அது என்ன என்று மட்டும் கேளுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். லோகோ வேறு, படம் வேறு என்று சொல்லுங்கள். துள்ளும் வஞ்சிரம் படம். அதை நல்ல கேமராவில் எடுத்து, பொட்டலத்தின் முகப்பில் நான்கு வண்ணத்தில் பெரிதாக அச்சிடலாம். அதில் நிழலும் பளபளப்பும் அப்படியே இருக்கட்டும், அது அந்த ஓவியரின் கைவேலை. லோகோ அதன் மூலையில் முத்திரைபோல உட்காரும். படம் போக முடியாத பில்லுக்கும் ஸ்டாம்புக்கும் வண்டிக்கும் அது போகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

புதிய பலகை மாட்டுவதற்காகப் பழைய போர்டைக் கழற்றுகிறவர்களிடம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியை மட்டும் தட்டி எடுங்கள். உப்புக் காற்றில் இத்தனை ஆண்டு நின்ற எனாமல், ஈரத்துணி பட்டால் செதிலாக உரியும். நேர் வெயில் விழாத காலை நேரத்தில், போர்டின் நடுவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் நின்று படம் எடுங்கள். பிறகு ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். அந்த 'னை'யை இரண்டு முறை எடுங்கள்.